லட்லோ என்ற சந்தை ஊர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பர்மிங்ஹாம் பக்கம் இருப்பதால், ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் லட்லோவுக்கு அழைத்துப்போவது எனக்கு வழக்கமாகிவிட்டது. லண்டனையும் எடின்பரோவையும் பார்த்து முடித்தவர்களிடம் "இங்கிலாந்து எப்படி உருவானது என்று பார்க்க வேண்டுமானால் ஒரு சந்தை ஊரைப் பாருங்கள்" என்று நான்தான் சொல்வேன். ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. சில தெருவில் நிற்கும்போதே வரும். சில, ஊருக்குத் திரும்பிய பிறகு வாட்ஸ்அப்பில் வரும். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே வைத்திருக்கிறேன்.

லட்லோ எங்கே இருக்கு? எவ்வளவு பெரிய ஊரு?

இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில், வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் இருக்கிறது. மக்கள்தொகை பத்தாயிரத்துக்குச் சற்று மேல். ஷ்ரூஸ்பரிக்கும் ஹெரிஃபர்டுக்கும் நடுவே ஓடும் ரயில் பாதையில் இறங்கினால், ஸ்டேஷனிலிருந்து சந்தைச் சதுக்கத்துக்கு நடந்தே போய்விடலாம்.

ஊர் ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. மேட்டின் தெற்கிலும் மேற்கிலும் டீம் ஆறு வளைந்து ஓடுகிறது, வடக்கே கோர்வ் என்ற சிறிய ஆறு. பழைய ஆங்கிலத்தில் 'சத்தமிடும் நீரருகே உள்ள மேடு' என்பதுதான் ஊர்ப் பெயரின் பொருள் என்கிறார்கள். டீம் ஆற்றின் தடுப்பணைகள் அருகே நின்றால், பெயர் சரியாகத்தான் பொருந்துகிறது என்று தோன்றும்.

'மார்க்கெட் டவுன்'னா என்ன? சந்தை கூடுற ஊரெல்லாம் அதுதானே?

இல்லை. இடைக்கால இங்கிலாந்தில் சந்தை கூட்டுவது ஒரு உரிமை. அரசரிடமிருந்து சாசனம் வாங்கியவர்கள்தான் கூட்டலாம், வருகிற வியாபாரிகளிடம் கட்டணம் வசூலிக்கலாம். பக்கத்து ஊர்க்காரர்கள் புதிதாகச் சந்தை தொடங்கினால் வழக்குப் போடவும் முடியும். 13ஆம் நூற்றாண்டுச் சட்ட நூல் ஒன்று, இரண்டு சந்தைகளுக்கு நடுவே ஆறே முக்கால் மைலுக்குச் சற்றுக் குறைவான இடைவெளியாவது இருக்க வேண்டும் என்று கணக்குச் சொல்கிறது. ஒரு நாளில் மனிதன் 20 மைல் நடப்பான், அதை மூன்றாகப் பிரித்தால் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வியாபாரம் பண்ண, ஒரு பங்கு இருட்டுவதற்குள் வீடு திரும்ப. இங்கிலாந்தின் வரைபடத்தில் சிறிய ஊர்கள் ஏன் இப்படி ஒரே மாதிரி இடைவெளியில் இருக்கின்றன என்பதற்கு அந்த நடைக்கணக்கு ஒரு நல்ல விளக்கம்.

ஊர்ப் பெயர்களில் 'சிப்பிங்' என்று வந்தால் அதுவும் சந்தையைக் குறிக்கும் பழைய சொல்தான். சிப்பிங் நார்ட்டன், சிப்பிங் கேம்டன் எல்லாம் அப்படி வந்தவை.

அவ்வளவு பெரிய சர்ச் இருக்கே, அப்போ இது 'சிட்டி'தானே?

செயின்ட் லாரன்ஸ் சர்ச்சைப் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி. ஷ்ராப்ஷயரிலேயே பெரிய பங்குக் கோயில் அதுதான். உயரமான கோபுரத்தையும் உள்ளே இருக்கும் வேலைப்பாட்டையும் பார்த்து 'எல்லை நாட்டின் கதீட்ரல்' என்று செல்லமாக அழைக்கிறார்கள். ஆனால் அங்கே ஆயர் கிடையாது, இந்தப் பகுதியின் உண்மையான கதீட்ரல் ஹெரிஃபர்டில் இருக்கிறது. 'சிட்டி' என்பதும் அளவைப் பொறுத்தது இல்லை, அரசர் கொடுக்கும் தகுதி. லட்லோ என்றைக்கும் டவுன்தான்.

ஊரு தானா வளர்ந்ததா, இல்லே திட்டம் போட்டுக் கட்டினதா?

திட்டம் போட்டுத்தான். எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1086இல் நார்மன் அரசர் எடுத்த நாட்டுக் கணக்கெடுப்பில் லட்லோ என்ற பெயரே இல்லை. அதை ஒட்டிய ஆண்டுகளில் டி லேசி என்ற நார்மன் குடும்பம் மேட்டின் மேற்கு முனையில் கோட்டை கட்டத் தொடங்கியது. கோட்டை வாசலிலிருந்து கிழக்கே, மேட்டின் முதுகு வழியாக, ஒரு நீண்ட அகலமான சந்தைத் தெருவை விட்டார்கள். அப்புறம் அதிலிருந்து தெற்கே ஆற்றை நோக்கிச் சரியும் தெருக்கள்: மில் ஸ்ட்ரீட், பிராட் ஸ்ட்ரீட். இரண்டு அகலத் தெருக்களுக்கு நடுவே, பின்வாசலுக்கும் வண்டிக்கும் ஒரு ஒடுக்கமான சந்து.

தெருவின் இரு பக்கமும் நிலத்தை நீளநீளமான மனைகளாகப் பிரித்தார்கள். முகப்பு சுமார் 33 அடி, பின்னால் நெடுந்தூரம் ஓடும். தெருவைப் பார்த்து கடையும் வீடும், பின்னால் பட்டறை, தொழுவம், தோட்டம். மனைக்காரர் ஆண்டுக்கு ஒரு நிலையான வாடகை கட்டினால் போதும், பிரபுவின் வயலில் உழைக்க வேண்டியதில்லை. கிராமத்து ஆட்களை ஊருக்குள் இழுத்தது அந்தச் சுதந்திரம்தான். இன்றைக்கும் பிராட் ஸ்ட்ரீட்டில் வீட்டு முகப்புகளை அடியால் அளந்தால் 33 அடி, அல்லது அதில் பாதி, சில இடங்களில் ஒன்றரை மடங்கு என்று வரும். வீடு மூன்று நான்கு தடவை மாறியிருக்கும், மனையின் எல்லைக்கோடு மட்டும் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக நகரவில்லை. அதனால்தான் சொல்கிறேன், லட்லோவின் மிகப் பழைய பொருள் எந்தக் கட்டடமும் இல்லை, அதன் தரைப்படம்தான்.

திட்டம் போட்ட ஊருன்னா, சர்ச் பக்கம் மட்டும் ஏன் சந்து சந்தா நெரிசலா இருக்கு?

முந்தைய பதிலில் சொன்ன அகலமான சந்தைத் தெரு முழுசாக இருந்த காலத்தில், கோட்டை வாசலிலிருந்து கிழக்கு முனையில் உள்ள புல் ரிங் என்ற இடம் வரை ஒரே திறந்த வெளியாக இருந்திருக்கும். வியாபாரிகள் சந்தை நாளன்று பலகை போட்டு விற்றார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பலகையை எடுக்காமல் விட்டார்கள். மேலே கூரை வந்தது, பிறகு பூட்டுப் போட்ட கடை, அதற்கு மேல் ஒரு மாடி. சில தலைமுறைகளில் சந்தை வெளியின் நடுவிலேயே நிரந்தர வீட்டு வரிசைகள் முளைத்துவிட்டன.

கிங் ஸ்ட்ரீட், மார்க்கெட் ஸ்ட்ரீட், சர்ச் ஸ்ட்ரீட், ஹார்ப் லேன் என்று இன்று நீங்கள் உரசிக்கொண்டு நடக்கும் ஒடுக்கத் தெருக்கள், அந்தக் கடை வரிசைகளுக்கு நடுவே மிச்சம் விட்ட நடைபாதைகள். அங்கே உள்ள வீடுகளுக்குப் பின்கட்டே கிடையாது, நான்கு பக்கமும் தெருதான். அதை வைத்தே 'இது சந்தைக்குள் முளைத்த வீடு' என்று சொல்லிவிடலாம்.

இவ்வளவு சின்ன ஊருக்கு அவ்வளவு பணம் எங்கேருந்து வந்தது?

முதலில் ஆட்டு ரோமம், அதற்கடுத்துத் துணி. எல்லைப் பகுதி ஆடுகளின் ரோமத்துக்கு நல்ல கிராக்கி இருந்தது, ஆற்றின் ஓட்டத்தில் துணியை அடித்துக் கெட்டிப்படுத்தும் ஆலைகளும் ஓடின.

இரண்டாவது காரணம் அரசியல், லட்லோவை மற்றச் சந்தை ஊர்களிலிருந்து பிரிப்பதும் அதுதான். 1470களில் நான்காம் எட்வர்ட் தன் மூத்த மகனை இந்தக் கோட்டையில் வைத்து வளர்த்தார். கூடவே வேல்ஸையும் எல்லை மாவட்டங்களையும் நிர்வகிக்க ஒரு ஆட்சிமன்றம் உருவானது. அந்தச் சிறுவன்தான் 1483இல் தந்தை இறந்ததும் லட்லோவிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிப்போய், முடிசூடாமலே மறைந்துபோன ஐந்தாம் எட்வர்ட். அடுத்து ஏழாம் ஹென்றியின் மூத்த மகன் ஆர்தர், புதுமனைவி கேத்தரினோடு இங்கே வந்து, 1502 ஏப்ரலில் பதினைந்து வயதில் இந்தக் கோட்டையில் இறந்தார். அவர் இறந்ததால்தான் தம்பி எட்டாம் ஹென்றி அரசரானார், அண்ணியை மணந்தார், பிறகு அந்த மணத்தை ரத்துசெய்ய ரோமோடு முறித்துக்கொண்டார்.

ஆட்சிமன்றம் நீதிமன்றமாகவும் இருந்தது. வழக்காடுபவர்கள், வக்கீல்கள், எழுத்தர்கள் என்று கூட்டம் கூட்டமாக வந்து தங்கினார்கள். அவர்கள் பணம்தான் விடுதியாகவும் மாடி வீடாகவும் மாறியது. 1689இல் ஆட்சிமன்றத்தைக் கலைத்துவிட்டார்கள். கோட்டை பாழடைந்தது, ஊர் மட்டும் பிழைத்துக்கொண்டது. சுற்றுவட்டாரப் பணக்காரர்கள் குளிர்காலத்தைக் கழிக்கும் இடமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் வந்தபோதும் பெரிய தொழிற்சாலைகள் வரவில்லை. அதனால் இடித்துக் கட்டப் பணமும் இல்லை, அவசியமும் இல்லை. நாம் இன்று பார்ப்பதில் பாதி அந்த ஏழ்மை காப்பாற்றிக் கொடுத்தது.

கறுப்பு வெள்ளை வீடுங்கதான் அசல் பழைய வீடுங்களா?

வீடு பழையதுதான். நிறம் பெரும்பாலும் புதுசு. ஓக் மரத்தை அப்படியே விட்டால் வெயில் மழையில் வெள்ளிச் சாம்பல் நிறமாகும். பழைய காலத்தில் மரத்தையும் சுவரையும் சேர்த்தே சுண்ணாம்பு அடிப்பார்கள், சில நேரம் காவி கலந்து. தாரையோ கறுப்புச் சாயத்தையோ மரத்தில் பூசி, நடுவே பளிச்சென்று வெள்ளை அடிக்கும் பழக்கம் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவியது. அப்போது 'பழைய இங்கிலாந்து' என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு ரசனை உருவாகியிருந்தது.

கோர்வ் ஸ்ட்ரீட் மேல் முனைக்கு அருகே நிற்கும் ஃபெதர்ஸ் விடுதிதான் எல்லாரும் படம் எடுக்கும் கட்டடம். 1619இல் ரீஸ் ஜோன்ஸ் என்ற வக்கீல், மேலே சொன்ன ஆட்சிமன்றத்தில் வாதாடிச் சம்பாதித்தவர், தனக்கு வீடாகக் கட்டினார். 1670 வாக்கில்தான் விடுதியானது. முகப்பில் மரத்தை வைரக்கட்டம் வைரக்கட்டமாக இழைத்திருப்பார்கள். அத்தனை மரம் கட்டடம் நிற்பதற்குத் தேவையே இல்லை, வசதியைக் காட்டத்தான் வைத்தது.

அந்த வீடுகளை எப்படிக் கட்டினாங்க? ஆணியே அடிக்கலேங்கிறாங்களே?

சட்டகத்துக்கு இரும்பாணி இல்லை என்பது சரி. பச்சை ஓக் மரத்தை, அதாவது வெட்டிக் காயவிடாத மரத்தை, தச்சர் தன் பட்டறையில் செதுக்குவார். ஒரு சட்டத்தின் நுனியில் கழுந்து, இன்னொன்றில் துளை. இரண்டையும் பொருத்தி, குறுக்கே ஓட்டை போட்டு மர முளை அடிப்பார். ஒரு பக்கச் சுவர் முழுவதையும் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்த பிறகு, பிரித்து வண்டியில் ஏற்றி மனைக்குக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். எது எதோடு சேரும் என்று தெரிய ஒவ்வொரு மூட்டிலும் உளியால் எண் கீறுவார்கள். நேர்க்கோடுகளாகவே போட முடிவதால் ரோமன் எண் மாதிரி இருக்கும். சந்துப் பக்கம் போய்க் கவனமாகப் பார்த்தால் சில இடங்களில் இன்னும் தெரிகிறது.

சட்டங்களுக்கு நடுவே வரிச்சு கட்டி, மண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்பு பூசுவார்கள். எல்லை மாவட்டங்களில் சட்டங்கள் பெரும்பாலும் சதுரச் சதுரமாக இருக்கும். கிழக்கு இங்கிலாந்தில் செங்குத்துக் கட்டைகளை நெருக்கி வைப்பார்கள். வசதியானவர்கள் இங்கேயும் அப்படி நெருக்கி வைத்துக்கொண்டார்கள்.

எல்லாம் சாஞ்சு கோணலா நிக்குதே, விழுந்துடாதா?

அந்தக் கோணல் பெரும்பாலும் முதல் சில பத்தாண்டுகளில் வந்தது. பச்சை மரம் காயும்போது சுருங்கும், முறுக்கும். அப்போது மூட்டுகள் இன்னும் இறுகும். கட்டடம் தனக்குச் சௌகரியமான ஒரு நிலைக்கு வந்து நின்றுவிடும். நானூறு ஆண்டுகளாக அப்படி நிற்கிற வீடு சாய்ந்திருக்கிறது என்பதற்காகவே பயப்பட வேண்டியதில்லை.

உண்மையான ஆபத்து ஈரம். பழைய சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும், சுண்ணாம்புப் பூச்சு அதற்கு வழிவிடும். இருபதாம் நூற்றாண்டில் நல்லெண்ணத்தோடு பலர் மேலே சிமெண்ட் பூசினார்கள். சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடுகிறது, மரம் உள்ளிருந்து உளுத்துப்போகிறது. இப்படிப்பட்ட வீட்டை வாங்கிய ஒரு நண்பர், சுவரில் தட்டிப் பார்த்து வெற்றுச் சத்தம் கேட்டு, சிமெண்டை உடைத்தபோது பின்னால் இருந்த கட்டை கையோடு பொடியாக வந்தது. சுண்ணாம்புக்குத் திரும்பிய பிறகுதான் அந்தச் சுவர் காய்ந்தது. பழைய வீட்டுக்குப் புதிய பொருள்தான் பலம் என்று நினைப்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

மேல்மாடி ஏன் தெருவுக்குள்ள துருத்திக்கிட்டு வருது? தரைக்கு வரி போட்டதாலேயா?

வரிக் கதை வழிகாட்டிகள் விரும்பிச் சொல்வது, ஆதாரம் இல்லை. மேலே கூடுதல் இடம் கிடைக்கும் என்பது ஒரு காரணம். தளத்தின் குறுக்குச் சட்டங்கள் சுவரைத் தாண்டி நீண்டு, அவற்றின் நுனியில் மேல்சுவரின் பாரம் ஏறினால் நடுவில் தளம் அவ்வளவாக ஆடாது என்பது இன்னொன்று. ஆனால் நெருக்கடியே இல்லாத திறந்த இடத்தில் கட்டிய பணக்கார வீடுகளிலும் இந்தத் துருத்தல் இருக்கிறது. அதனால் அழகும் அந்தஸ்தும்தான் முதல் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

உத்தரமெல்லாம் பழைய கப்பலை உடைச்சு எடுத்த மரம்னு சொன்னாங்களே?

கடலிலிருந்து இவ்வளவு தள்ளி இருக்கும் ஊருக்குக் கப்பல் மரத்தை இழுத்துவர வேண்டிய தேவை இல்லை, சுற்றிலும் ஓக் காடுதான். இந்த நம்பிக்கைக்குக் காரணம், உத்தரத்தில் எதற்கும் பயன்படாத துளைகள் தெரிவது. அது வேறொரு வீட்டிலிருந்து கழற்றி மறுபடி பயன்படுத்திய மரம் என்பதற்கு அடையாளம். நல்ல ஓக் மரத்தை யாரும் வீணாக்கவில்லை.

பிராட் ஸ்ட்ரீட்ல எல்லாம் செங்கல் வீடா இருக்கு. அதெல்லாம் பிறகு கட்டினதா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சில வீடுகள் பதினெட்டாம் நூற்றாண்டில் முழுசாகவே புதிதாகக் கட்டியவை. பல வீடுகளில் செங்கல் முகப்பு மட்டும்தான் புதுசு, பின்னால் அதே மரச்சட்டக வீடு. ஆட்சிமன்றம் போன பிறகு வந்து தங்கிய பணக்காரர்களுக்கு மர வீடு பழைய பாஷனாகத் தெரிந்தது. வரிசையான உயரமான ஜன்னல்கள், மேலும் கீழும் நகரும் கண்ணாடிக் கதவு, தூண் வைத்த வாசல் எல்லாம் வேண்டும். முழுசாக இடிப்பது செலவு. ஆகவே துருத்திய மாடியை வெட்டிவிட்டு, அல்லது கீழ்ச்சுவரை முன்னுக்கு இழுத்து, தெருப் பக்கம் மட்டும் ஒரு செங்கல் சுவர் எழுப்பினார்கள்.

கண்டுபிடிக்கும் வழி சொல்கிறேன். ஜன்னல்கள் மேலிருந்து கீழே ஒரே கோட்டில் வராமல் கொஞ்சம் தள்ளி இருந்தால், உள்ளே இருக்கும் பழைய சட்டங்கள் இடம் கொடுக்கவில்லை என்று அர்த்தம். முகப்பின் மேல் மட்டமான கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் செங்குத்தான கூரை எட்டிப் பார்த்தால், அந்தக் கூரை முகப்பை விடப் பழையது. பக்கத்தில் வண்டிப்பாதை திறந்திருந்தால் உள்ளே ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள், செங்கல் ஒரு கை அகலத்தோடு முடிந்து மரச்சட்டமும் மண்சுவரும் தொடங்கும். முதல் முறை வந்தபோது நான் கறுப்பு வெள்ளை வீடுகளை மட்டும் தேடிப் பார்த்துவிட்டுப் போனேன். இரண்டாவது முறை இந்த வண்டிப்பாதைகளைக் கவனித்த பிறகுதான், முழுத் தெருவும் இரண்டு காலங்களை ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறது என்று புரிந்தது.

தெருவின் கீழ்முனையில் பிராட் கேட். ஊர் மதிலின் ஏழு வாசல்களில் மிஞ்சியது இது ஒன்றுதான். இடைக்கால வாசல், இரு பக்கமும் உருண்டைக் கோபுரம், அதன் தலையில் பதினெட்டாம் நூற்றாண்டு வீடு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஆட்கள் குடியிருக்கும் வீடு, கார்கள் அடியில் புகுந்து போகும்.

சில ஜன்னலைச் செங்கல் வெச்சு அடைச்சிருக்காங்களே, ஜன்னல் வரியாலேதானே?

சில இடங்களில் ஆமாம். 1696 முதல் 1851 வரை இங்கிலாந்தில் ஜன்னல் எண்ணிக்கைக்கு வரி இருந்தது. ஆனால் எல்லாமே வரி இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டு ரசனைக்கு முகப்பின் இரண்டு பக்கமும் ஒத்திருக்க வேண்டும். உள்ளே புகைபோக்கியோ குறுக்குச் சுவரோ இருக்கும் இடத்தில் ஜன்னல் திறக்க முடியாது, அதனால் ஜன்னல் மாதிரி பள்ளம் மட்டும் விட்டுக் கட்டினார்கள். அடைப்புச் செங்கலும் சுற்றியுள்ள செங்கலும் ஒரே நிறம், ஒரே வரிசை என்றால், அது முதலிலிருந்தே பொய் ஜன்னல்.

சர்ச்சுக்குள்ளே எதைத் தவறவிடக் கூடாது?

பாடகர் பகுதியில் உள்ள மடக்கு இருக்கைகளை. நீண்ட வழிபாட்டில் நின்றே இருக்க வேண்டிய குருமார்கள், மடக்கிய பலகையின் அடியில் உள்ள சிறு விளிம்பில் லேசாகச் சாய்ந்துகொள்வார்கள். அந்த விளிம்புக்குக் கீழே சிற்பம். இங்கே 28 இருக்கின்றன. சாமி உருவங்களைத் தேடாதீர்கள். பெரும்பாலும் ஊர் வாழ்க்கைதான். வாத்துகளுக்குப் பிரசங்கம் பண்ணும் நரி உண்டு, கையில் கண்ணாடியோடு கடல்கன்னி உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது, அளவில் ஏமாற்றிய பீர்க்காரியைப் பேய் தூக்கிக்கொண்டு நரகத்துக்குப் போகும் காட்சி. அவள் கையில் அந்தக் கள்ளக் குவளை அப்படியே இருக்கிறது. சந்தை நம்பிக்கையில் நடக்கும் ஊரில் படியளவில் பொய் சொல்வதுதான் பெரிய பாவம் என்று தச்சர் நினைத்திருக்கிறார்.

இவ்வளவுக்கும் பணம் கொடுத்தது பாமர்ஸ் கில்ட் என்ற சங்கம். சந்தா கட்டிய உறுப்பினர்களுக்காக குருமார்கள் பிரார்த்தனை செய்வார்கள். சங்கம் வாடகை வீடுகள் வைத்திருந்தது, பள்ளி நடத்தியது. 1551இல் அது கலைந்து, சொத்து நகராட்சிக்குப் போனது.

பட்டர்கிராஸ்னா என்ன? வெண்ணெய்க்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

பிராட் ஸ்ட்ரீட்டின் தலைமாட்டில் தூண்கள் மேல் நிற்கும் மணிக்கூண்டுக் கட்டடம். 1740களில் வில்லியம் பேக்கர் என்பவர் கட்டியது. கீழே திறந்த மண்டபம், பண்ணைகளிலிருந்து வெண்ணெய், முட்டை கொண்டுவரும் பெண்கள் வெயில் படாமல் நின்று விற்பதற்கு. மேலே பொது அறை. கீழே வியாபாரம், மேலே நிர்வாகம் என்ற இந்த அமைப்பை இங்கிலாந்தின் பல சந்தை ஊர்களில் பார்க்கலாம். தெற்கே லெட்பரியில் பதினாறு ஓக் தூண்கள் மேல் நிற்கும் பதினேழாம் நூற்றாண்டுச் சந்தை மண்டபம் ஒன்று இருக்கிறது, வழியில் முடிந்தால் இறங்கிப் பாருங்கள்.

சந்தைச் சதுக்கம் மட்டும் ஏன் காலியா இருக்கு? எப்பவுமே அப்படித்தானா?

இல்லை. 1880களில் கட்டிய பெரிய சிவப்புச் செங்கல் மண்டபம் அங்கே இருந்தது. 1986இல் இடித்தார்கள். அப்போதும் சரி, இப்போதும் சரி, ஊரில் இரண்டு கருத்து உண்டு. அந்தக் கட்டடம் அழகில்லை என்று பலர் சொன்னார்கள். விக்டோரியா காலம் என்பதற்காகவே ஒன்றை மட்டமாக நினைத்த தலைமுறை அது. இன்று இருந்திருந்தால் இடிக்க விட்டிருக்க மாட்டார்கள்.

அதே சமயம், இடித்ததால் கோட்டை வாசலுக்கு முன்னால் பழைய திறந்த சந்தை வெளி திரும்பக் கிடைத்தது என்பதும் உண்மை. திங்கள், புதன், வெள்ளி, சனிக்கிழமைகளில் அங்கே கடை போடுகிறார்கள். நான் எப்போதும் சந்தை நாளில்தான் ஆட்களை அழைத்துப்போகிறேன். கடை இல்லாத நாளில் அந்த இடத்தின் அளவு எதற்காக என்று புரியாது.

இந்தக் கோட்டைக்கும் நம்ம மெட்ராஸுக்கும் தொடர்பு இருக்காமே?

இருக்கிறது, கேட்பதற்கு மனசு கனக்கும் தொடர்பு. ராபர்ட் கிளைவ் ஷ்ராப்ஷயர்க்காரர். அவருடைய மகன் எட்வர்ட் கிளைவ் 1774 முதல் இருபது ஆண்டுகள் லட்லோவின் நாடாளுமன்ற உறுப்பினர். 1798 முதல் 1803 வரை மெட்ராஸ் கவர்னர். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும், அதே ஆண்டு அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும், 1801இல் கர்நாடக நவாபின் நாட்டைக் கும்பெனி எடுத்துக்கொண்டதும், மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டதும் அவர் கவர்னராக இருந்த காலத்தில்தான்.

இங்கிலாந்து திரும்பியதும் 1804இல் போவிஸ் பிரபு பட்டம் கிடைத்தது. 1811இல் லட்லோ கோட்டையை அரச குடும்பத்திடமிருந்து விலைக்கு வாங்கினார். இன்றும் கோட்டை போவிஸ் குடும்ப எஸ்டேட்டின் கையில்தான் இருக்கிறது. குடும்பம் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த பொருட்கள், திப்புவின் கூடாரம் உட்பட, வெல்ஷ்பூல் அருகே போவிஸ் கோட்டையில் காட்சிக்கு இருக்கின்றன. லட்லோ கோட்டைக்குள் நிற்கும்போது நான் இதை எல்லோரிடமும் சொல்வேன். பன்னிரண்டாம் நூற்றாண்டின் வட்டமான தேவாலயம் உள்ளே இருக்கிறது, அபூர்வமான நார்மன் வேலை. அதை ரசிப்பதற்கும் இதைத் தெரிந்துவைத்திருப்பதற்கும் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டும் அந்தக் கல்லின் வரலாறுதான்.

லிஸ்டட் வீடுன்னா அரசாங்க வீடா? சொந்தக்காரங்க ஒரு ஆணிகூட அடிக்க முடியாதா?

தனியார் வீடுதான், வாங்கலாம், விற்கலாம், குடியிருக்கலாம். பாதுகாக்க வேண்டிய கட்டடங்கள் என்று 1947 நகரத் திட்டச் சட்டத்தோடு முறையாக வந்த பட்டியல் இது. மூன்று தரம்: ஒன்று, இரண்டு நட்சத்திரம், இரண்டு. நாடு முழுவதும் சுமார் 2.5 சதவீதம்தான் முதல் தரம், பத்தில் ஒன்பதுக்கு மேல் இரண்டாம் தரம். 1700க்கு முன் கட்டி ஓரளவு அப்படியே இருப்பவை பெரும்பாலும் பட்டியலில் வந்துவிடும். லட்லோவில் மட்டும் சுமார் 500 இருக்கின்றன.

ஆணி அடித்துப் படம் மாட்டலாம். கட்டடத்தின் தன்மையை மாற்றும் வேலை எதுவானாலும் அனுமதி வேண்டும், வீட்டுக்கு உள்ளேயும்தான். பலருக்கு இது தெரியாது. படிக்கட்டை மாற்றுவது, பழைய கதவைப் பிடுங்குவது, ஜன்னலை பிளாஸ்டிக்கில் போடுவது எல்லாம் அதில் அடங்கும். அனுமதி இல்லாமல் செய்தால் அபராதம் மட்டும் இல்லை, அது கிரிமினல் குற்றம். முந்தைய சொந்தக்காரர் செய்த தப்பைச் சரிசெய்யச் சொல்லி இப்போதைய சொந்தக்காரருக்கு நோட்டீஸ் வரலாம். எனவே வாங்க நினைப்பவர்கள், செய்திருக்கும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அனுமதிக் காகிதம் இருக்கிறதா என்று வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள்.

இவ்வளவு சட்டம் இருக்கே, பிறகு எப்படி ஊர் மதில் இடிஞ்சு கிடந்தது?

2013 பிப்ரவரியில் சர்ச்சுக்குப் பின்னால், கல்லறைத் தோட்டத்தைத் தாங்கி நின்ற மதிலின் ஒரு பகுதி சரிந்தது. 1233 முதல் அரசர் அனுமதியோடு சந்தைப் பொருட்களுக்கு வரி வாங்கிக் கட்டிய மதில் அது. சரிந்த இடம் பல ஆண்டுகள் வேலி போட்டு அப்படியே கிடந்தது. முந்தைய பதிலில் சொன்ன சட்டம், கெடுக்காதே என்று தடுக்கும். யார் செலவு செய்து காப்பாற்றுவது என்று அது முடிவுசெய்யாது. மதில் யார் பொறுப்பு என்ற கேள்வியே பெரிய இழுபறி ஆனது. கட்டிய காலத்தில் ஊரே சேர்ந்து காசு கொடுத்த ஒன்றுக்கு இப்போது கேட்பாரில்லாமல் போனதுதான் எனக்கு வருத்தம்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கு. எந்த வரிசையில பார்க்கலாம்? அம்மாவால அதிகம் நடக்க முடியாது.

காலையில் சந்தை, பிறகு கோட்டை, அப்புறம் சர்ச். மூன்றும் மேட்டின் மேலேயே மட்டமாக இருப்பதால் வயதானவர்களுக்குச் சிரமம் இல்லை. சர்ச் கோபுரத்துக்குச் சுமார் 200 படி, அம்மாவைக் கீழே சிற்ப இருக்கைகளைப் பார்க்கச் சொல்லிவிட்டு நீங்கள் ஏறிவிட்டு வாருங்கள். பிராட் ஸ்ட்ரீட் நல்ல இறக்கம். இறங்கும்போது தெரியாது, திரும்ப ஏறும்போது மூச்சு வாங்கும். பட்டர்கிராஸ் தூண்களுக்கு அடியில் நின்றே முழுத் தெருவையும் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாகக் காரை எடுத்து, கோட்டைக்குக் கீழே டின்ஹாம் பாலத்தைக் கடந்து எதிர்க்கரையில் உள்ள விட்கிளிஃப் மேட்டுக்குப் போங்கள். அங்கிருந்து இடது கையில் கோட்டை, வலப்புறம் சர்ச் கோபுரம், நடுவே ஆற்றை நோக்கிச் சரியும் கூரைகள். மாலை வெயில் கோட்டைச் சுவரில் விழும் நேரமாகப் பார்த்துப் போனால் நல்லது.